தொண்டுக்கும் வேண்டும் தொழிலறிவு



தொண்டு என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது ஈர நெஞ்சம். தொழிற்சாலை என்னும் சொல்லைக் கேட்டதும் எழுவது இயந்திரத்தின் ஓசை. இவ்விரண்டுக்கும் உறவு இருக்கக் கூடும் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. ஆலையில் வேலை பார்ப்பவர் சங்கு ஊதியதும் தம் தொழிலறிவை ஆலையின் வாயிலிலேயே விட்டுவிட்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரே கோயில் அன்னதானத்துக்கோ, இரத்த தான முகாமுக்கோ, வெள்ள நிவாரணப் பணிக்கோ வரும்போது வாளியைத் தூக்குகிறார்; கயிற்றைப் பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார்; வியர்வை சிந்துகிறார். ஆனால், ஆறு நாளும் அவர் தலைக்குள் வேலை செய்த நுட்பமான அறிவு மட்டும் ஏழாம் நாள் விடுமுறை எடுத்துக்கொள்கிறது. அந்த அறிவையும் தொண்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பதே இன்று நான் உங்களிடம் சொல்ல விரும்பும் செய்தி.

இதை நான் முதலில் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு தவற்றிலிருந்து கற்றேன். அத்தவற்றைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். ஆதலால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2017-இல், எங்கள் ஊரில் நடந்த இலவசக் கண் சிகிச்சை முகாமில் தொண்டராகச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் முகாம். மருத்துவக் குழுவினர் காலை ஒன்பது மணிக்கு வருவர். பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படுவர். அறுவை தேவைப்படுவோரைத் தம் பேருந்திலேயே அழைத்துச் செல்வர். பதிவு செய்வதற்கு இரண்டு மேசைகள் போட்டோம். தலைமையாசிரியராக இருந்தவர் என்பதாலும், கையெழுத்து அழகாக இருக்கும் என்பதாலும் ஒரு மேசையில் என்னை அமர்த்தினார்கள். பதிவுத் தாளில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பெயர், வயது, ஊர், தந்தை அல்லது கணவர் பெயர், தொழில், குடும்ப அட்டை எண் என்று நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, அடித்தல் திருத்தல் இன்றி, அச்சுக் கோத்தாற்போல் எழுதினேன். எழுதியவற்றைப் பார்த்து எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

மூன்று மணி ஆயிற்று. மருத்துவர்கள் புறப்பட ஆயத்தமானார்கள். வெளியே வேப்பமரத்தடியில் இன்னும் அறுபது பேர் போல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிடும் பொறுப்பும் என்னிடமே வந்தது. வரிசையில் ஒரு மூதாட்டி, பேரப்பிள்ளையின் தோளைப் பற்றியபடி நின்றார். முதல் பேருந்தில் வந்தவராம். கூட்டத்தில் நெருக்குண்டு வரிசையின் பின்னுக்குப் போய்விட்டார். நான் செய்தியைச் சொன்னதும் அவர் சினங்கொள்ளவில்லை. "சரிங்க சாமி, உசுரோட இருந்தா அடுத்த வருசம் வாரனுங்க" என்று கைகூப்பிவிட்டு, அந்தச் சிறுவனைத் தடவிக்கொண்டே வாயிலை நோக்கி நடந்தார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எனினும் என்ன செய்திருக்க முடியும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். கூட்டம் மிகுதி, மருத்துவர் குறைவு, நேரம் போதவில்லை என்று மூன்று காரணங்கள் கிடைத்தன. மூன்றும் பொய் என்று மறுநாள் காலை எனக்கு உணர்த்தியவர் எங்கள் தெருவில் வசிக்கும் நண்பர் ஒருவர். நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முகாமில் அவருக்குக் கொடுத்த வேலை, மோர் ஊற்றுவது.

மோர் ஊற்றிக்கொண்டே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். முதியவர் ஒருவர் வாயிலில் நுழைந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அவர் வெளியேறும் வரை கண்வைத்திருந்தார். மளிகைக் கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிய அந்தக் கணக்கை என்னிடம் நீட்டினார். முதியவர் முகாமில் இருந்த நேரம் மூன்று மணி பத்து நிமிடம். அதில் யாரேனும் அவரைக் கவனித்த நேரம், அதாவது எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னது, இரத்த அழுத்தம் பார்த்தது, மருத்துவர் கண்ணைச் சோதித்தது எல்லாம் சேர்த்து, பதினான்கு நிமிடம். எஞ்சிய நேரமெல்லாம் அவர் நின்றார்.

"பத்து மணிக்கு உள்ளே டாக்டருங்க சும்மா உட்கார்ந்திருந்தாங்க ஸார். வெளியிலே இருநூறு பேரு வெயில்லே. கார்டிங்கிலே பஞ்சு தேங்கிப் போனா ரிங் ஃப்ரேம் எப்படிங்க ஓடும்?" என்றார் நண்பர். நூற்பாலையில் பஞ்சு பல துறைகளைக் கடந்து நூலாகிறது. முன்னே உள்ள துறை ஒன்று மெதுவாக ஓடினால், பின்னே உள்ள துறைகள் எவ்வளவு வேகமாக ஓட வல்லனவாயினும் பயனில்லை. எங்கள் முகாமில் அந்த மெதுவான துறை எதுவென்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதை கருதி என் முகத்தையும் பார்க்கவில்லை.

நானே கணக்கிட்டேன். ஒருவரைப் பதிவு செய்ய எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. ஒரு மணிக்குப் பதினைந்து பேர். இரண்டு மேசைக்கு முப்பது பேர். ஆறு மணி நேரத்தில் நூற்றெண்பது பேர். வந்திருந்தவர்களோ ஏறத்தாழ இருநூற்று நாற்பது பேர். மீதி அறுபது! வேப்பமரத்தடியில் நின்றவர்கள் அந்த அறுபது பேரே. தொட்டியில் நீர் நிரப்பும் குழாயையும் வெளியேற்றும் குழாயையும் பற்றிய கணக்கை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். என் கையிலிருந்த பேனாவே அந்தச் சிறிய குழாய் என்பது எனக்குப் புலப்படவில்லை. மூதாட்டியைத் திருப்பி அனுப்பியது மருத்துவர் பற்றாக்குறை அன்று. என் அழகிய கையெழுத்து.

அன்பர்களே, நண்பர் செய்தது புதுமையான மந்திரம் எதுவும் அன்று. தொழில் உலகம் நூறாண்டுக்கு மேலாகப் பழகி வரும் வழக்கம் அது. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார்கள் செங்கல் அடுக்குவதை ஊன்றிக் கவனித்தார். ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர்வதைக் கண்டார். கல்லையும் சாந்தையும் இடுப்பளவு உயரத்தில், கைக்கு எட்டும் இடத்தில் வைக்கும்படி சாரத்தை அமைத்தார். ஒரு கல்லை வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன. மணிக்கு 120 கல் அடுக்கிய கொத்தனார் 350 கல் அடுக்கினார். கொத்தனாரை அவர் விரட்டவில்லை. குனியும் துன்பத்தை நீக்கினார். இதனை நாம் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். முறையைத் திருத்துவது வேறு. ஆளை விரட்டுவது வேறு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-க்கும் 1945-க்கும் இடையே, அமெரிக்க அரசு தொழிலகங்களுக்குள்ளேயே பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. தேர்ந்த தொழிலாளிகள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால், புதியவர்களைக் கொண்டு வேலையை நடத்த வேண்டிய நெருக்கடி. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்திட்டத்தில் பயிற்சி பெற்றனர். அங்கே கற்பித்த பாடங்களுள் ஒன்று மிக எளியது. செய்யும் வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து எழுது. ஒவ்வொரு கூற்றையும் ஆறு கேள்வி கேள். இது ஏன் வேண்டும்? இதன் பயன் என்ன? எங்கே செய்வது நலம்? எப்போது? யார் செய்வது? எப்படி? விடை கிடைத்த பின், வேண்டாததை நீக்கு, சேர்க்கத் தக்கதைச் சேர், வரிசையை மாற்று, எஞ்சியதை எளிதாக்கு. போருக்குப் பின் இந்தப் பாடம் ஜப்பானுக்குச் சென்றது. அங்கு ஏற்கெனவே முளைத்திருந்த எண்ணங்களோடு கலந்து வேரூன்றியது.

ஜப்பானியர் நாளும் சிறிது சிறிதாகச் சீர்செய்வதைக் 'கைசன்' என்பர். டொயோட்டா நிறுவனத்தின் பெயர் இதனோடு இணைந்தது. அந்நிறுவனத்தின் வேர் மோட்டாரில் இல்லை; தறியில் இருக்கிறது. சாகிச்சி டொயோடா என்பவர் 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போவதைவிட நின்று காரணம் காண்பதே மேல் என்பது அத்தறி கற்பித்த பாடம். இதை நான் சொன்னபோது என் நூற்பாலை நண்பருக்கு உண்டான மகிழ்ச்சியை விவரிக்க இயலாது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று நீங்கள் எண்ண வேண்டா. திருக்குறளின் பொருட்பாலில் 47-ஆம் அதிகாரம் முதல் 52-ஆம் அதிகாரம் வரை உள்ள தலைப்புகளை மட்டும் ஒருமுறை நினைவு கூருங்கள். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். எதற்காக, எவ்வளவு வலிமையோடு, எப்போது, எங்கே, யாரைக் கொண்டு என்னும் கேள்விகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. முகாம் நடத்துபவனுக்கும் அது பொருந்தாதா, என்ன?

தொழிலறிவு தொண்டுக்குள் நுழைந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சில சான்றுகள் சொல்கிறேன். நியூயார்க் நகரத்தின் உணவு வங்கி, ஹார்லெம் பகுதியில் ஏழைகளுக்கு மாலை உணவு அளிக்கும் கூடம் ஒன்றை நடத்துகிறது. டொயோட்டா நிறுவனம் அந்த உணவு வங்கிக்குப் பணத்தை மட்டும் கொடாமல், தன் பொறியாளர்களின் அறிவையும் கொடுக்க முன்வந்தது. 2013-ஆம் ஆண்டில் அதன் விளைவு வெளியாயிற்று. உணவுக்கு 90 நிமிடம் வரை காத்திருந்த மக்கள் 18 நிமிடத்தில் உணவு பெற்றார்கள். அவர்கள் செய்த மாற்றங்களைக் கேட்டால் வியப்பீர்கள். முன்பு பத்து நாற்காலிகள் காலியான பிறகே பத்துப் பேரைச் சேர்த்து உள்ளே விட்டார்கள்; பின்பு ஒரு நாற்காலி காலியானதும் ஒருவரை விட்டார்கள். உணவுத் தட்டு வாங்கும் இடத்துக்கு அருகிலேயே காத்திருக்க இடம் ஒதுக்கினார்கள். காலி நாற்காலியைக் கண்டு சொல்வதையே ஒருவருக்குத் தனி வேலையாக ஒப்படைத்தார்கள். நம் ஊர்த் திருமணப் பந்தியில் இலை காலியாவதைப் பார்த்து ஆள் அனுப்புவாரே ஒரு பெரியவர், அவருடைய வேலைதான் இது!

2012 அக்டோபரில் அதே நகரத்தைச் 'சாண்டி' புயல் தாக்கியது. புரூக்ளினில் ஒரு கிடங்கில் தொண்டர்கள் நிவாரணப் பொருள்களைப் பெட்டியில் அடுக்கினார்கள். ஒரு பெட்டிக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. பொருள்களின் வரிசையையும் ஆட்களின் இடத்தையும் மாற்றி அமைத்த பின், ஒரு பெட்டி 11 வினாடியில் முடிந்தது. 2005-இல் 'கத்ரீனா' சூறாவளியால் அழிந்த நியூ ஆர்லியன்ஸ் பகுதியில், தொண்டர்களைக் கொண்டு வீடுகளை மீட்டுக் கட்டித் தரும் அமைப்பு ஒன்று 2006-இல் தோன்றியது. ஒரு வீட்டை முடிக்கச் சராசரி 116 நாள் ஆன அப்பணி, முறை திருந்திய பின் 61 நாளாகக் குறைந்தது. ஒவ்வொரு வீட்டின் நிலையையும் எல்லாரும் காணும்படி பலகையில் எழுதி வைத்ததே அதில் முதன்மையான மாற்றங்களுள் ஒன்று. எந்த வீட்டில் வேலை தடைப்பட்டுள்ளது என்பது அன்றாடம் கண்ணுக்குத் தெரிந்தால் உதவியும் அன்றாடம் வந்து சேர்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், அரசுப் பணியிலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு நோயால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அவருடைய அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் உண்டு. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்துவர். மருத்துவரின் கை ஒரு நிமிடமும் வீணாகக் காத்திராது. சிற்றூர் முகாம்களை நடத்த உள்ளூர்த் தொண்டர்களும் சங்கங்களும் இடம், விளம்பரம் முதலியவற்றைப் பார்த்துக்கொள்வர். மருத்துவமனை மருத்துவத்தைப் பார்த்துக்கொள்ளும். யார் எதனைச் செய்வது என்ற கேள்விக்கு இது எவ்வளவு தெளிவான விடை! அறுவை தேவை என்று சொல்லப்பட்டவர்களில் பலர் வழிச்செலவுக்கும் உணவுக்கும் வகையின்றி வராமல் போனதை அறிந்து, முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் இடமும் அறுவையும் இலவசமாக அளித்து, திருப்பிக் கொண்டுவந்து விடும் முறையை அமைத்தார்கள். வராதவர்களைக் குறைகூறாமல், அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டதனால் பிறந்த முறை அது.

மீண்டும் எங்கள் ஊருக்கு வருகிறேன். 2018-இல் முகாமுக்கு ஒரு மாதம் முன்பே நண்பரும் நானும் வேறு சிலரும் அமர்ந்து அந்தப் பதினான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். இந்த விடையை யார் படிக்கிறார், படித்து என்ன செய்கிறார் என்று கேட்டோம். மருத்துவமனையினரிடமும் வினவினோம். ஒன்பது கேள்விகளுக்கு உரிமை கொண்டாட எவரும் இல்லை! யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ சேர்த்தவை. அன்று முதல் அப்படியே வந்துகொண்டிருக்கின்றன. ஐந்தே கேள்விகளை வைத்துக்கொண்டோம். முகாமுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று அங்கேயே பதிவு செய்து அட்டை கொடுத்தார்கள். எந்த ஊரார் எந்தப் பேருந்தில் வர வேண்டும் என்று நேரம் குறித்தோம். நிற்கும் வரிசையை எடுத்துவிட்டு வகுப்புப் பெஞ்சுகளைப் போட்டோம். எழுத்துப் பலகையை ஒன்றுக்கு மூன்றாக மாட்டினோம். செலவு என்று பார்த்தால் அட்டைத் தாளும் சுண்ணாம்புக் கட்டியும் கொஞ்சம் கயிறுமே.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. ஒரு தடத்துப் பேருந்து அன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. இரண்டு ஊர் மக்களும் ஒரே வேளையில் வந்து நெருக்கினார்கள். ஆயினும் முன்னைவிட நாற்பது பேர் கூடுதலாக வந்தும், இரண்டு மணிக்கெல்லாம் அனைவரையும் பார்த்து முடித்துவிட்டோம். ஒருவரும் பார்க்கப்படாமல் திரும்பவில்லை. நாங்கள் பெருமையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பெருமை மாலை வரை நிற்கவில்லை. அறுவைக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர், பேருந்து புறப்படும் நேரத்தில் காணப்படவில்லை. முந்திய ஆண்டுகளில் ஒருவர் இருவரே அப்படி நழுவுவர். இம்முறை ஒரு கும்பலாகவே போய்விட்டார்கள். காரணம் தேடினோம். எங்கள் தொண்டர்களுள் முதிய அம்மையார் ஒருவர் உண்டு. ஆண்டுதோறும் அவர் அறுவைக்குக் காத்திருப்போர் அமரும் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் முறையைத் திருத்திய வேகத்தில், அந்தப் பேச்சை வீண் என்று கருதி, அவரை அட்டை சரிபார்க்கும் மேசைக்கு மாற்றியிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர் பேசியது ஊர்க்கதை மட்டும் அன்று என்பது. "நானும் பண்ணிக்கிட்டவதானுங்க. பாருங்க, எப்படிப் பளிச்சுனு தெரியுது. பயப்படாதீங்க" என்று ஒவ்வொருவர் கையையும் பற்றிச் சொல்லி வந்திருக்கிறார். அச்சத்தோடு இருந்தவர்களை அந்தப் பேச்சே பேருந்தில் ஏற்றியது. பெரிய கண் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்லித் தேற்றுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்களை அமர்த்தியிருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் ஊதியமின்றிக் கிடைத்திருந்தார்; நாங்கள் அவரை அட்டை எண்ணச் செய்தோம். 2019-இல் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெஞ்சிலேயே அமர்த்தினோம். அவருக்குத் துணையாக, அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற இன்னும் இருவரையும் அழைத்து வந்தோம். அந்த ஆண்டு பேருந்து நிறைந்து சென்றது.

இதனால் நான் உணர்ந்தது இது. தேங்காய் உரிப்பவனுக்கு நார் கழிவு. கயிறு திரிப்பவனுக்கு அதுவே பொருள். ஆலையில் எது வீண் என்பதை எளிதில் சொல்லிவிடலாம். தொண்டில் அப்படிச் சொல்ல முன் இருமுறை எண்ண வேண்டும். அந்தப் பணியைப் பெறுபவரிடமும், பல்லாண்டாகச் செய்து வருபவரிடமும் கேட்க வேண்டும். காகிதத்திலும் காத்திருப்பிலும் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டியது, மனிதர்க்கு மனிதர் ஆறுதல் சொல்லும் இடத்தில் அந்த நேரத்தைத் தாராளமாகச் செலவிடுவதற்காகவே.

இரண்டாவதாக ஒன்று சொல்ல வேண்டும். ஆலையில் மேற்பார்வையாளர் சொன்னால் தொழிலாளி கேட்டாக வேண்டும். தொண்டரோ சம்பளம் வாங்குவதில்லை. மனம் நொந்தால் மறுவாரம் வரமாட்டார். 'இருபது ஆண்டாக இப்படித்தான் செய்கிறோம்' என்று அவர் சொன்னால், அந்த இருபது ஆண்டை மதியுங்கள். மாற்றத்தை ஆணையாகச் சொல்லாதீர்கள்; கடிகாரத்தை அவர் கையில் கொடுங்கள். என் நண்பர், 'உம் கையெழுத்தே தடை' என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தால், நான் அன்றே வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் கணக்கை என்னிடம் நீட்டினார். விடையை நானே கண்டேன். நல்லாசிரியர் செய்வதும் அதுவே அல்லவா?

கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுள் ஆலைத் தொழிலாளர் இருப்பீர்கள். வங்கி ஊழியர், பண்டகக் காப்பாளர், அச்சகத்தார், செவிலியர், பேருந்துப் பணிமனையினர், உணவு விடுதி நடத்துவோர் இருப்பீர்கள். உங்கள் ஒவ்வொருவரிடமும், ஒரு வேலையைத் தடையின்றி ஓடச் செய்யும் அறிவு இருக்கிறது. அடுத்த முறை தொண்டுக்குச் செல்லும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளே திருத்தத் தொடங்காதீர்கள். கொடுத்த வேலையைச் செய்துகொண்டே, உதவி பெற வந்த ஒருவரின் பின்னே கண்ணால் நடந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே திகைக்கிறார், ஒரே செய்தியை எத்தனை பேரிடம் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். அது பயன் தந்தால் அடுத்ததைச் சொல்லுங்கள். பயன் தராவிட்டால் தயங்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

அந்த மூதாட்டி மறு ஆண்டு வந்தாரா என்று உங்களில் சிலர் கேட்கக் கூடும். எனக்குத் தெரியாது. அவரைத் தேட முயன்றேன். ஆனால் அவர் பெயரோ ஊரோ எங்கள் ஏட்டில் இல்லை. 2017-ஆம் ஆண்டு அறிக்கையில் 'நூற்றெண்பது பேர் பயன் பெற்றனர்' என்று எழுதினோம். பதிவு மேசையை அடையாமலே திரும்பிய அறுபது பேரைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. பயன் பெற்றவர்களை எண்ணுவது நமக்கு இனிக்கிறது. திரும்பிப் போனவர்களை எண்ணுவது கசக்கிறது. ஆயினும் எந்தச் சீர்திருத்தமும் அந்தக் கசப்பான எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆதலால், இப்போது எங்கள் முகாமில் வாயிலருகே ஒரு தொண்டர் சிறு நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறார். எந்தக் காரணத்தாலாயினும் பார்க்கப்படாமல் வெளியே செல்பவரின் பெயரையும் ஊரையும் எழுதி, அந்த வாரத்துக்குள் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவது அவர் பொறுப்பு. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கையெழுத்து அழகாக இருப்பதில் அங்கே தவறில்லை. பக்கம் வெறுமையாக இருக்கும் நாளில் எனக்கு நல்ல உறக்கம் வருகிறது.